ஐம்பத்தோரு அடி

மைக் பிடிக்கிற ஆள் இன்னும்
பதினாலாவது கொண்டை ஊசி வளைவில்
வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறாராம்.
அதனால் நான்.
பெயர் தீர்த்தகிரி. செவ்வாய்பேட்டையில் லேத்துப் பட்டறை.
அந்தக் கோடியில் இருக்கிறதே பெட்டி,
அது நான் செய்தது.

அங்கிருந்தே தொடங்கலாம்.
சாய்ந்த பலகை, அதில் ஒரு துளை, துளைக்குள் டென்னிஸ் பந்து.
ஓடி வருகிற நாய் பலகையில் காலால் அறைந்தால்
உள்ளே ஸ்பிரிங் விடும், பந்து வாய்க்கு வரும்.
முதல் ஸ்பிரிங் ஆட்டோ சீட்டுடையது.
பந்து போய் விழுந்த கூரையை இன்றுவரை தேடுகிறோம்.
இரண்டாவது சோம்பேறி.
மூன்றாவது, எதிர்வீட்டுக் கொலுசுப் பட்டறையிலிருந்து
கேட்காமல் எடுத்தது.
அவர்கள் யாராவது ஏற்காட்டுக்கு வந்திருந்தால்
அப்புறம் பேசிக்கொள்வோம்.

கோட்டிலிருந்து பெட்டிவரை ஐம்பத்தோரு அடி.
மொய் எழுதுகிற கணக்கா என்று கேட்டுச் சிரித்தேன்.
பிரிசில்லா மேடம் சிரிக்கவில்லை,
டேப்பை நீட்டி மறுபடி அளக்கச் சொன்னார்கள்.
நடுவில் நாலு தடுப்பு. அணிக்கு நாலு நாய்.
தாண்டிப் போய், பந்தைக் கவ்வி, தாண்டித் திரும்ப வேண்டும்.
வருகிற மூக்கு கோட்டைத் தொட்ட பிறகுதான்
போகிற மூக்கு கோட்டைக் கடக்கலாம்.
மனிதர்கள் ஓடினால் கையில் ஒரு கட்டை மாறும்.
இங்கே மாற ஒன்றுமில்லை.
ஒரு மூச்சு இன்னொரு மூச்சின்மேல்
இடித்துவிட்டுப் போகும், அவ்வளவுதான்.

எங்கள் அணியைச் சொல்கிறேன்.
வக்கீல் குழந்தைவேலுவின் லாப்ரடார், பெயர் ஜாமீன்.
ஜரீனாவின் சிப்பிப்பாறை, தராசு.
கொண்டலாம்பட்டி பைபாஸில் கிடைத்தது ஒன்று,
பெயர் வைக்க நேரமில்லாமல் ‘டேய்’ என்றே நின்றுவிட்டது.
கடைசியில் மேடத்தின் கடுகு.
கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும்.
அணியில் ஆகக் குள்ளம் யாரோ
அவர் தோள் அளவுக்குத்தான் எல்லோருக்கும் தடுப்பு.
இது சட்டம். பழமொழியை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.
தராசு இந்த உயரத்தைத் தாண்டுவதில்லை,
மன்னித்துவிட்டுப் போகும்.

பச்சைக் கொடி.
ஜாமீன் போனது, வந்தது, பந்தை வக்கீலிடம் தர மறுக்கிறது.
தராசு போய் வந்ததை நான் பார்க்கவில்லை.
நீங்களும்தான்.
டேய் கிளம்பும்போது மேகம் மைதானத்துக்குள் நுழைகிறது.
பெட்டி காணோம். நாலாவது தடுப்பு காணோம்,
மூன்றாவதும்.
நடுவர் நிறுத்தவில்லை. அவருக்குக் கோடு தெரிந்தால் போதும்.

காது கொடுங்கள்.
தப். தப். தப். தப்.
டக். (அது என் ஸ்பிரிங்.)
தப். தப்.
பிறகு ஒன்றுமில்லை.

வக்கீல் என்னைப் பார்க்கிறார்.
நான் மைக்கைப் பார்க்கிறேன்.
கடுகு மேடத்தின் கைகளுக்குள் உதறிக்கொண்டிருக்கிறது.
தப். தப்.
வெள்ளையைக் கிழித்துக்கொண்டு வருவது
டேய் இல்லை.
செம்மண் நிறத்தில், ஒரு காது மடிந்த பெட்டை.
காலையிலிருந்து மிளகாய் பஜ்ஜி வண்டிக்கடியில் படுத்திருந்ததே, அதுதான்.
வாயில் பந்து. எங்கள் பந்து.
பின்னாலேயே டேய், வெறும் வாயோடு,
வால் மட்டும் ஜெயித்த மாதிரி.

மாற ஒன்றுமில்லை என்றேன்.
திருத்திக்கொள்கிறேன்.

சிவப்புக் கொடி ஏறுகிறது, பார்க்கிறேன்.
எஸ்டேட் அணி எப்போதோ முடித்துவிட்டது, அதையும் பார்க்கிறேன்.
ஆனால் கோட்டின்மேல் ஒரு மூக்கு வந்தது.
கடுகு கேட்டது மூக்கைத்தான், முகவரியை அல்ல.
மேடம் கையை எடுத்துவிட்டார்கள்.

யாரும் பேசாதீர்கள்.
குட்டித் தப் என்பதால் கூர்ந்து கேட்க வேண்டும்.
மொத்தம் எட்டு வர வேண்டும்.
நாலு ஆயிற்று.

டக்.

ஐந்து.